ஐசைட் (iCite) ரிவ்யூ: டாக்டர் எழுதுன பேப்பர் யாருக்கு பிரயோஜனப்பட்டுச்சுன்னு காட்டுத ஒரு ஃப்ரீ சைட்

களியிக்காவிளைக்கு இந்தப் பக்கம் ஒரு மெடிக்கல் காலேஜ் லைப்ரரில வேல பாக்குதேன். எங்க டாக்டருங்கள்ல பாதிப்பேரு பாறசாலை, நெய்யாற்றின்கரைல இருந்து வந்து போறவங்க, மீதிப்பேரு மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் ஆளுங்க. புரொமோஷன் சீசன் வந்தாச்சுன்னா மலையாளத்துலயும் தமிழ்லயும் எல்லாரும் கேக்குதது ஒண்ணுதான், என் பேப்பருக்கு எத்தன சைட்டேஷன் (அதாவது எத்தன பேரு அத மேற்கோள் காட்டிருக்காங்க), எச் இண்டெக்ஸ் எவ்ளோ (பத்து சைட்டேஷனாவது உள்ள பேப்பர் பத்து இருந்தா அது பத்து), ஜர்னலோட இம்பேக்ட் ஃபேக்டர் எவ்ளோ (அந்த ஜர்னல் சராசரியா எவ்ளோ சைட் ஆகுதுங்குற கணக்கு). இந்த நம்பர எடுத்துக் குடுக்க நாலஞ்சு சைட்டு இருக்கு, எல்லாத்தயும் பல வருஷமா யூஸ் பண்ணிட்டு வாறேன், அதுல எனக்கு ரொம்பப் புடிச்சது அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்.ஐ.எச் நடத்துத ஐசைட்தானாக்கும். நம்ம பக்கம் நெறைய டாக்டருங்களுக்கு இப்படி ஒண்ணு இருக்குததே தெரியல, அதனாலதான் கொஞ்சம் விரிவா எழுதுதேன்.

மொத விஷயம், இதுக்கு காசு கிடையாது. லாகின் வேண்டாம், விளம்பரம் வராது, பாதி காட்டிட்டு மீதிக்கு சப்ஸ்கிரைப் பண்ணுங்கன்னு கேக்காது. சைட்டேஷன் பாக்குத ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ்ங்குற சைட்டு ரெண்டும் நல்ல சரக்குதான், ஆனா அத முழுசா தொறக்கணும்னா காலேஜ் சந்தா கட்டணும், அது எங்கள மாதிரி காலேஜ் நெனச்சுப் பாக்கக்கூடிய தொகை இல்ல. ஐசைட்ட களியிக்காவிளை பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டு போன்லயே பாக்கலாம், டேபிள் கொஞ்சம் சின்னதா தெரியும் அவ்ளோதான்.

யூஸ் பண்ணுததும் சுலபம். மெடிக்கல் பேப்பருங்களோட பெரிய ஃப்ரீ லிஸ்டான பப்மெட்ல தேடுத மாதிரியே பேரையோ தலைப்பையோ போட்டுத் தேடலாம், இல்லன்னா பேப்பரோட பப்மெட் நம்பர் இருக்குல்லா, பி.எம்.ஐ.டி, அத வரிசையா ஒட்டிவிட்டா டேபிள் வந்துரும். நான் எப்பவும் நம்பர ஒட்டுததுதான். பேர வச்சுத் தேடுனா நம்ம ஊரு பேருக்கெல்லாம் பெரிய சிக்கல், எஸ். குமார்னு போட்டா இந்தியாவுல உள்ள எல்லா எஸ். குமாரும் வந்து நிப்பாங்க. நமக்கு இனிஷியல் முன்னால, பாஸ்போர்ட்டுல அப்பா பேரு பின்னால, கல்யாணத்துக்குப் பொறவு சில அக்காமாருக்கு பேரே வேற, ஒரே ஆளு மூணு ஜர்னல்ல மூணு விதமா அச்சாயிருப்பாங்க. இது ஐசைட்டோட குத்தம் இல்ல, எந்த சைட்டுக்குப் போனாலும் இந்தப் பிரச்சினை உண்டு, அதுக்காகத்தான் 2012ல ஆர்கிட்னு 16 இலக்க நம்பர் ஒண்ணு கொண்டு வந்தாங்க, அதும் ஃப்ரீதான்.

உள்ள போனா மூணு பகுதி இருக்கும், இன்ஃப்ளூயன்ஸ், டிரான்ஸ்லேஷன், சைட்டேஷன்ஸ். மொதப் பகுதில உள்ள முக்கியமான நம்பர் பேரு ஆர்.சி.ஆர், ரிலேட்டிவ் சைட்டேஷன் ரேஷியோ. 2016ல என்.ஐ.எச்காரங்க இத ஒரு பேப்பரா வெளியிட்டாங்க. ஒரு பேப்பர் வருஷத்துக்கு எத்தன தடவ சைட் ஆகுதுன்னு பாக்குது, அந்தத் துறைல அந்த வருஷத்துல வந்த பேப்பர் சாதாரணமா எத்தன சைட் ஆகும்னு ஒரு எதிர்பார்ப்புக் கணக்கு போடுது, பொறவு மொத நம்பர ரெண்டாவதால வகுக்குது. என்.ஐ.எச் பணம் குடுத்து நடந்த ஆராய்ச்சிங்கள்ல நடுவுல நிக்குத பேப்பரோட மதிப்பு 1.0. உங்க பேப்பருக்கு 2 வந்தா எதிர்பாத்தத விட ரெட்டிப்பு, 0.5 வந்தா பாதி.

துறை எதுன்னு முடிவு பண்ணுத விதம்தான் எனக்கு ரொம்பப் புடிச்சது. ஜர்னலோட அட்டைய பாத்து இது கார்டியாலஜி, இது ஸ்கின்னுன்னு முத்திர குத்துதது இல்ல. உங்க பேப்பர சைட் பண்ணவங்க அதுகூட சேத்து வேற எந்தெந்தப் பேப்பர சைட் பண்ணாங்கன்னு பாத்து, அந்தக் கூட்டத்தயே உங்க துறைன்னு எடுத்துக்குது. இது ஏன் வேணும்னா, கேன்சர் மூலக்கூறு ஆராய்ச்சில ஒரு பேப்பருக்கு சாதாரணமாவே நெறைய சைட்டேஷன் வந்துரும், கிராமத்து பல் சொத்தை சர்வே ஒண்ணுக்கு பத்து வந்தாலே அது பெரிய விஷயம். இந்த வருஷம் வெட்டத் தொடங்குன ரப்பர் மரத்துப் பாலையும் பதினஞ்சு வருஷமா வெட்டுத மரத்துப் பாலையும் ஒரே கணக்குல வச்சு எது நல்ல மரம்னு சொல்ல முடியுமா?

இனி நான் சோதிச்சுப் பாத்தத சொல்லுதேன். நமக்குப் பக்கத்துல நடந்த ஆராய்ச்சியையே எடுத்தேன், அப்பதான் நம்பர் என்ன சொல்லுதுன்னு நமக்கு வெளங்கும். திருவனந்தபுரம் ஜில்லாவுல 1996ல தொடங்கி வாய்ப் புற்றுநோய் ஸ்கிரீனிங் ஆராய்ச்சி ஒண்ணு நடந்துச்சு, திருவனந்தபுரம் கேன்சர் ஆஸ்பத்திரி ஆர்.சி.சில உள்ளவங்களும் சேந்து செஞ்சது, 2005ல லான்செட்ங்குற பெரிய மெடிக்கல் ஜர்னல்ல வந்துச்சு. 13 பஞ்சாயத்து, அதுல 7ல வீடு வீடா ஆளுபோயி வாயத் தொறந்து பாத்தாங்க, மத்த 6ல வழக்கமான வைத்தியம் மட்டும். ரெண்டு பக்கமும் சேத்து 1,90,000 பேருக்கு மேல, எல்லாரும் 35 வயசும் அதுக்கு மேலயும். வீட்டுக்குப் போய்ப் பாத்தது டாக்டரு இல்ல, பயிற்சி குடுத்த ஹெல்த் வொர்க்கருங்க, கையில பெரிய மிஷின் ஒண்ணும் கிடையாது. முடிவு என்னன்னா எல்லாரையும் சேத்துப் பாத்தா வித்தியாசம் உறுதியாச் சொல்ல முடியல, ஆனா பொகையில, குடி பழக்கம் உள்ளவங்கள்ல மட்டும் பாத்தா வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் கொறஞ்சிருந்துச்சு. வெத்தல பாக்கு பொகையில போடுத பாட்டிமாரு இல்லாத வீடு நம்ம பக்கம் எத்தன சொல்லுங்க, இது நம்ம வீட்டு விஷயம்.

அந்தப் பேப்பர் நம்பர ஐசைட்ல போட்டா ஆர்.சி.ஆர் ஒண்ணுக்கு ரொம்ப மேல நிக்குது, அது லான்செட்டு, எதிர்பாத்ததுதான். அதுக்கு அடுத்தாப்ல நான் போட்டது கருநாகப்பள்ளி ஆராய்ச்சி. கொல்லம் ஜில்லா கடற்கரை மணல்ல மோனசைட் இருக்கு, அதுல தோரியம், அதனால இயற்கையாவே ரேடியேஷன் கூடுதல், நம்ம மணவாளக்குறிச்சி மணலும் இதே ஜாதிதான். அங்க 69,958 பேர சராசரியா பத்தர வருஷம் பின்தொடந்து, இந்த ரேடியேஷனால கேன்சர் கூடுதான்னு பாத்தாங்க, கூடுனதாத் தெரியலன்னு 2009ல ஹெல்த் ஃபிசிக்ஸ்ங்குற ஜர்னல்ல எழுதுனாங்க. அந்த ஜர்னலோட இம்பேக்ட் ஃபேக்டர் பெருசா ஒண்ணும் கிடையாது, ஃபைல் பாக்குத கமிட்டி அந்த ஒரு நம்பர மட்டும் பாத்தா அப்படியே அடுத்த பக்கம் திருப்பிருவாங்க. ஆனா கொறஞ்ச அளவு ரேடியேஷன பத்தி எங்க பேச்சு வந்தாலும் இந்தப் பேப்பர் வரும். ஐசைட் அத சரியாக் காட்டுது, ஆர்.சி.ஆர் ஒண்ணுக்கு மேல. ஜர்னலோட மதிப்ப பேப்பர் மேல ஏத்தாம பேப்பர தனியா நிறுத்திப் பாக்குதது எவ்ளோ நியாயம்னு இதுல எனக்கு நல்லாத் தெரிஞ்சுது.

இம்பேக்ட் ஃபேக்டர பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். யூஜின் கார்ஃபீல்டுங்குற அமெரிக்கர் 1960கள்ல சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸுக்கு எந்தெந்த ஜர்னல சேக்கலாம்னு பாக்க உண்டாக்குன கணக்கு அது, பொறவு எந்த ஜர்னல் வாங்கலாம்னு லைப்ரரிக்காரங்களும் அத வச்சுப் பாத்தாங்க. போன ரெண்டு வருஷத்துல ஒரு ஜர்னல்ல வந்த கட்டுரைங்களுக்கு இந்த வருஷம் சராசரியா எத்தன சைட்டேஷன், அவ்ளோதான் அது. அத ஒரு ஆளோட தகுதிக்கு மார்க்கா போடுதது சரியில்லன்னு 2012 டிசம்பர்ல சான்ஃப்ரான்சிஸ்கோவுல கூடி டோரா பிரகடனம்னு எழுதியாச்சு, 2015ல லெய்டன் அறிக்கைன்னு 10 கொள்கையும் வந்தாச்சு. இன்னும் நம்ம பக்கத்துல ஒரு இண்டர்வியூ கமிட்டில, எந்த காலேஜுன்னு சொல்லல, கம்யூனிட்டி மெடிசின் மேடம் ஒருத்தங்களோட எல்லா ஜர்னலோட இம்பேக்ட் ஃபேக்டரையும் கூட்டிப்போட்டு மொத்தம் கொறவுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவங்க இடுப்பளவு தண்ணில கிராமத்துக்குள்ள போயி ரத்தம் எடுத்தவங்க, எனக்கு அன்னைக்கு வந்த கோவம் இன்னும் அடங்கல.

சரி, ரெண்டாவது பகுதி, டிரான்ஸ்லேஷன். இதுக்காகவே நான் ஐசைட்ட தூக்கி வச்சுப் பேசுவேன். இதுல டேபிள்ல ஒரு கட்டம் உண்டு, இந்தப் பேப்பர எத்தன கிளினிக்கல் கட்டுரைங்க சைட் பண்ணிருக்குன்னு. அதாவது கிளினிக்கல் ட்ரையல், வைத்திய கைட்லைன் இந்த மாதிரி. மொத்தம் 40 சைட்டேஷன் உள்ள ஒரு பேப்பருக்கு அதுல 8 ட்ரையலும் கைட்லைனும்னு வந்தா, அது நோயாளி கட்டிலுக்குப் பக்கத்துல வந்துருச்சுன்னு அர்த்தம். 200 சைட்டேஷன் இருந்து இது பூஜ்யம்னா அது இன்னும் லேபுக்குள்ளயே சுத்துது, அதும் தேவைதான், ஆனா வேற வகை. ஒரு முக்கோணம் வரைஞ்சு காட்டும், ஒரு மூலைல மனுஷங்க, ஒரு மூலைல மிருகங்க, ஒரு மூலைல செல்லும் மூலக்கூறும், உங்க பேப்பருங்க எந்தப் பக்கம் கூடி நிக்குதுன்னு புள்ளி புள்ளியா தெரியும். எங்க ஃபார்மகாலஜி சார்கிட்ட அத காட்டுனப்ப அவரு ரொம்ப நேரம் பாத்துட்டு, "என்டெ பேப்பர் எல்லாம் எலி மூலைலதான் நிக்குது கேட்டோ, அடுத்தது வார்டுக்குள்ள போணும்"னு சொன்னாரு, சொன்னபடி மெடிசின் டிபார்ட்மெண்ட்டுக்குப் போயி பேசவும் செஞ்சாரு. ஒரு அளவு மனுஷன அடுத்த வேலைக்குத் தள்ளுச்சுன்னா அது நல்ல அளவு.

இதுகூட ஏ.பி.டின்னு இன்னொரு நம்பர், இந்தப் பேப்பர பின்னால கிளினிக்கல் கட்டுரை எதாவது சைட் பண்ண எவ்ளோ வாய்ப்புன்னு கம்ப்யூட்டர் கணிச்சுச் சொல்லுதது. புதுசா வந்த பேப்பருக்கு இது ஒரு ஆறுதல், அவ்ளோதான், ஃபைல்ல நான் இத போடுததில்ல.

மூணாவது பகுதில உங்க பேப்பர சைட் பண்ணவங்க யாருன்னு லிஸ்ட்டே வரும், டவுன்லோடும் பண்ணிக்கிடலாம். பின்னால உள்ள டேட்டா முழுக்க 2019ல இருந்து எல்லாருக்கும் தொறந்து வச்சிருக்காங்க, கணக்க சந்தேகம்னா நீங்களே போட்டுப் பாக்கலாம். காசு வாங்குத சைட்டுல இப்படி முழு டேட்டாவயும் தொறந்து வைக்குதது கிடையாது.

இனி கொறை. இது பப்மெட்ட மட்டுந்தான் பாக்குது. பப்மெட்ல இல்லாத இந்திய ஜர்னல்ல எழுதுனது எவ்ளோ நல்லதா இருந்தாலும் ஐசைட்டுக்கு அது இல்லாத பேப்பர்தான். நர்சிங், சித்தா, பொது சுகாதாரம் படிச்சவங்களுக்கு இது பெரிய அடி, இவங்க எழுதுததுல நெறைய பப்மெட்டுக்கு வெளியதான் இருக்கும். ரெண்டாவது, 1980க்கு முந்தின பேப்பருக்கு ஆர்.சி.ஆர் வராது. மெட்ராஸ்ல 1956ல தொடங்குன காசநோய் ஆராய்ச்சி மையம், டிபிக்காரங்கள சானடோரியத்துல அடைக்க வேண்டாம், வீட்ல வச்சு மருந்து குடுத்தாலே அதே பலன்தான்னு 1959ல உலக சுகாதார நிறுவனத்தோட புல்லட்டின்ல எழுதுச்சு. உலகத்துல டிபி வைத்தியம் வீட்டுக்கு வந்தது அதனாலதான். அதுக்கு ஐசைட்ல கட்டம் காலி.

மூணாவது, சைட்டேஷன் நல்லதா கெட்டதான்னு இதுக்குத் தெரியாது. 1998ல லான்செட்ல 12 பிள்ளைங்கள வச்சு எம்.எம்.ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு ஒரு பேப்பர் வந்துச்சே, 2010ல அத வாபஸ் வாங்கியாச்சு, அத சைட் பண்ணவங்கள்ல பெரும்பாலானவங்க அது தப்புன்னு சொல்லத்தான் சைட் பண்ணாங்க, ஆனா கணக்குல எல்லாம் ஒண்ணுதான். அதனால நம்பர் பெருசா இருந்தா மூணாவது பகுதிக்குப் போயி நாலு பேப்பரயாவது தொறந்து படிச்சுப் பாக்கணும். தன் பேப்பர தானே சைட் பண்ணுததயும் இது கழிக்காது, பேப்பர் எழுதுனவங்க லிஸ்ட்ல மொத ஆளுக்கும் இருபதாவது ஆளுக்கும் ஒரே ஆர்.சி.ஆர்தான். இன்னொண்ணு, நெறைய சைட் பண்ணுத வேற துறைக்காரங்க உங்க பேப்பர எடுத்துக்கிட்டா எதிர்பார்ப்புக் கணக்கு கூடிப்போயி உங்க ஆர்.சி.ஆர் கொறையவும் வாய்ப்பு இருக்கு, நாலு துறைக்கு நடுவுல நின்னு வேல செய்தவங்களுக்கு இது அநியாயம்.

பேப்பருக்கு வெளிய உள்ளது எந்தக் கணக்குலயும் வராதுங்குறதையும் சேத்துச் சொல்லணும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துல உண்டாக்குன இதய வால்வு 1990 டிசம்பர்ல மொத ஆளுக்கு வச்சாங்க, அதுக்குப் பொறவு ஒரு லட்சம் பேருக்கு மேல அத வச்சிருக்காங்க, சின்ன வயசுல ருமாட்டிக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டுப்போன ஏழைங்களுக்கு வெளிநாட்டு வால்வு எட்டாத காலத்துல வந்தது அது. அதப் பத்தின பேப்பரோட நம்பர ஐசைட்ல பாத்து அந்த வேலைய அளக்க நெனச்சா ஒண்ணும் தெரியாது.

மத்த சைட்டுங்கள வேகமா சொல்லிருதேன். கூகுள் ஸ்காலர் 2004ல வந்தது, புஸ்தகம், தீசிஸ், தமிழ் மலையாள கட்டுரை எல்லாத்தயும் அள்ளிட்டு வரும், அதனால நம்பர் எப்பவும் கூடுதலா இருக்கும், டாக்டருங்களுக்கு அது புடிக்கும். ஆனா காவல் கிடையாது, 2012ல ஸ்பெயின்ல உள்ள ஆராய்ச்சியாளருங்க 6 போலி பேப்பர நெட்ல போட்டு தங்க ஆளுங்களோட சைட்டேஷன ஏத்திக் காட்டுனாங்க, இது இப்படி நடக்கும்னு எல்லாருக்கும் தெரியணும்னே செஞ்சாங்க. எச் இண்டெக்ஸ் 2005ல ஹிர்ஷ்ங்குற இயற்பியல்காரர் சொன்னது, அது வயசானா கூடும், ஒருநாளும் கொறையாது, அதனால புதுசா வந்த பிள்ளைங்கள அத வச்சு அளக்கக் கூடாது. ஸ்கோபஸ்ல சந்தா இல்லாமலே ஆத்தர் பேஜ் பாக்கலாம், எச் இண்டெக்ஸ் அதுல இருந்து எடுத்தா கமிட்டி ஒத்துக்கிடும். ஆல்ட்மெட்ரிக்னு ஒரு சைட்டு, பேப்பர பத்தி வெளிய எங்க பேசுதாங்கன்னு பாக்குதது, அதோட கலர் வளையம் பாக்க அழகு, நியூஸ்ல வந்துச்சா, அரசு பாலிசி ஆவணத்துல வந்துச்சான்னு காட்டும், அந்த பாலிசி ஆவண விஷயத்துக்காக மட்டும் ஒருதடவ தொறந்து பாருங்க, ஸ்கோர ஃபைல்ல எழுதாதீங்க, நியூஸும் ட்வீட்டும் சேந்ததுதான் அது.

என் மார்க்கு ஐசைட்டுக்கு 5க்கு 4. பப்மெட்டுக்கு வெளிய எட்டிப் பாக்காததுக்கு ஒண்ணு கொறச்சேன்.

யூஸ் பண்ண நெனைக்குதவங்களுக்கு நான் எங்க டாக்டருங்களுக்கு செஞ்சு குடுக்குத முறைய சொல்லிருதேன். மொதல்ல ஆர்கிட் எடுத்து அதுல எல்லா பேப்பரையும் சேருங்க, எல்லா விதமா அச்சான பேரையும் அதுல எழுதுங்க. பொறவு பப்மெட் நம்பர ஒவ்வொண்ணா எடுத்து ஒரு நோட்பேட்ல வரிசையா வையுங்க, வேற ஆளோட பேப்பர் ஒண்ணும் கலந்துராம டாக்டர பக்கத்துல உக்காரவச்சு சரிபாருங்க. ஐசைட்ல ஒட்டி, ஆர்.சி.ஆர் ஒண்ணுக்கு மேல உள்ளதையும் கிளினிக்கல் சைட்டேஷன் உள்ளதையும் தனியா எடுத்து, எந்த கைட்லைன், எந்த ட்ரையல்னு பேரோட ஒரு பக்கத்துல எழுதுங்க. எந்தத் தேதில எடுத்ததுன்னு கண்டிப்பா போடுங்க, மாசாமாசம் டேட்டா மாறும். பப்மெட்ல இல்லாத பேப்பர விட்ராதீங்க, அதுக்கு கூகுள் ஸ்காலர் எண்ணிக்கைய தனியா, எங்க இருந்து எடுத்ததுன்னு சொல்லி எழுதுங்க. வால்வு, கிட்டு, பேட்டன்ட், ஜில்லா சுகாதாரத் துறைக்கு எழுதிக் குடுத்த ரிப்போர்ட், அங்கன்வாடிக்கு செஞ்ச போஸ்டர், இதெல்லாம் இருந்தா கடைசில ஒரு பத்தி, யாரு அத இப்ப யூஸ் பண்ணுதாங்கன்னு சேத்து. இம்பேக்ட் ஃபேக்டர் கேட்டா அதையும் குடுங்க, கேக்குதவங்கள மாத்த நாளாகும், ஆனா அத ரெண்டாவது பக்கத்துல வையுங்க.